கடலை அடைச்ச பிறகு 4000 கிலோமீட்டர்: நியூஃபவுண்ட்லாந்து ஆளுக வேலைக்கு ஊர் மாறுனது, ஒரு முழு கேஸ்

1986 ஆகஸ்ட்ல கனடாவோட கிழக்கு ஓரத்துல இருக்குற நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு வெளிய, மூடுபனிக்குள்ள ரெண்டு லைஃப்போட் மிதந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள 155 பேர், அத்தனை பேரும் ஈழத்தமிழர். அவங்களப் பாத்து படகுல ஏத்துனது அந்த ஊர் மீனவங்க. மீன் பிடிக்கப் போன ஆளுக வலைய விட்டுட்டு மனுசங்கள ஏத்திக்கிட்டு கரைக்கு வந்தாங்க. மண்டபம் முகாம் பக்கத்துலயே பொறந்து வளந்த எனக்கு இதப் படிச்சப்ப உடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா கரைக்கு வர்ற ஆளு யாரு எவருன்னு கேக்காம தண்ணி குடுக்குற பழக்கம் எங்க பக்கமும் உண்டு.

காப்பாத்துன அந்தக் கரைக்கு என்ன ஆச்சுங்கறது நம்ம பக்கம் நிறைய பேருக்குத் தெரியாது. சரியா ஆறு வருஷத்துல அவங்க கடலையே அரசாங்கம் அடைச்சிருச்சு, நம்ம மீன்பிடித் தடைக்காலம் மாதிரி 61 நாளைக்கு இல்ல, கடைசில அது 32 வருஷமா ஆகிப்போச்சு. அந்த ஆளுக என்ன பண்ணாங்க, எங்க போனாங்க, போன இடத்துல என்ன கெடச்சுது, யாரு தப்பிச்சா யாரு மாட்டுனா, இதத்தான் முழுசா எழுதப் போறேன்.

எனக்கு ஏன் இது வேணும்னா, நான் பாம்பன்ல போட் இன்ஜின் வேலை பாக்குற பட்டறைக்காரன். எங்கப்பா தங்கச்சிமடத்துல ஒரு சம்மாட்டிகிட்ட, அதாவது படகு முதலாளிகிட்ட, முப்பது வருஷம் விசைப்படகு டிரைவரா இருந்தவரு. ஏப்ரல் 15 ஆச்சுன்னா படகெல்லாம் நங்கூரம் போட்டு நிக்கும், ஜூன் 14 வரைக்கும் இழுவைப்படகு போகக்கூடாது, முன்னாடி 45 நாளா இருந்தது 2017லேர்ந்து 61 நாள். அதுக்கு மேல இலங்கைக்காரங்க புடிக்கிறது, படகு போச்சுன்னா திரும்பி வராதது, டீசல் வெலை. போன தடைக்காலத்துல என் அக்கா மகன் வந்து செல்போனை நீட்டுனான். "மாமா, கனடாவுல நண்டு கம்பெனியில வேலையாம், நியூஃபவுண்ட்லாந்துன்னு போட்டுருக்கு, ஏஜென்ட்டு ஆறு லட்சம் கேக்குறாரு, போகலாமா?" அவனுக்கு நான் உடனே பதில் சொல்லல. கனடாவோட மேற்குப் பக்கம் எண்ணெய் எடுக்குற ஃபோர்ட் மெக்முர்ரேங்கற ஊர்ல வேலை பாத்த என் சித்தப்பா மகனுக்கு வாட்சப்புல ஒரு வாய்ஸ் போட்டேன், அவன்தான் "அண்ணே, அந்த ஊரு ஆளுக கூடத்தான் நான் நாலு வருஷம் கேம்ப்ல கெடந்தேன்"னு ஆரம்பிச்சான். அங்கேர்ந்து நானும் தேடித்தேடிப் படிச்சேன்.

கேஸோட முதல் பாதி: கடல் எப்படி காலியாச்சு

நியூஃபவுண்ட்லாந்து 1949ல தான் கனடாவுல சேந்துச்சு, அதுக்கு முன்னாடி அது தனி. ஐநூறு வருஷமா அந்த ஊருக்கு சோறு போட்டது காட் மீன். கரையோரம் முழுக்க சின்னச்சின்ன மீனவ ஊரு, பல ஊருக்கு ரோடே கெடயாது, படகுலதான் போக்குவரத்து. 1954லேர்ந்து 1975க்குள்ள அரசாங்கமே காசு குடுத்து இந்த மாதிரி சுமார் 300 ஊரை காலி பண்ணி, 30,000 பேர் கிட்ட பெரிய ஊருகளுக்கு மாத்துச்சு. ஸ்கூல், ஆஸ்பத்திரி, கரண்டு எல்லாம் குடுக்கணும்னா ஒரே இடத்துல இருங்கன்னு சொன்னாங்க. வீட்டை அப்படியே கட்டையில ஏத்தி தண்ணியில மிதக்கவிட்டு இழுத்துக்கிட்டுப் போன ஆளுக உண்டு. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் ஒரே ராத்திரியில அழிச்சுச்சு, அங்க திட்டம் போட்டு இருபது வருஷத்துல காலி பண்ணாங்க. ஊர் மாறுறது அந்த ஜனங்களுக்கு 1992ல வந்த புதுசு இல்லங்கறத மனசுல வச்சுக்கணும்.

1950கள்லேர்ந்து ஐரோப்பா நாட்டு ராட்சசக் கப்பலுக வந்து, கப்பலுக்குள்ளயே மீனை வெட்டி ஐஸ் பண்ணி அள்ளுனாங்க. 1968ல அந்தக் கடல்ல இருக்குற வடக்கு காட்ங்கற மீன் கூட்டத்துல மட்டும் 8 லட்சம் டன் பக்கம் புடிச்சிருக்காங்க. 1977ல கனடா 200 கடல் மைலை தன்னோடதுன்னு அறிவிச்சு அந்நியக் கப்பலை வெளிய தள்ளுச்சு, ஆனா அந்த எடத்துல சொந்த நாட்டு இழுவைக் கப்பலை எறக்கிருச்சு. 80கள்லயே கரையோர மீனவங்க கத்துனாங்க, மீன் சின்னதா வருது, கரைக்கு வர்றதே கொறஞ்சிருச்சுன்னு. அதிகாரிக கணக்கு வேற சொன்னுச்சு, பெரிய கப்பலுக்கு மீன் கெடைக்குதே அப்ப கடல்ல இருக்குன்னுதானே அர்த்தம்னு. மீன் கூட்டம் சுருங்கி ஒரே எடத்துல அடையுறப்ப, அத தேடிப் புடிக்கிற மிஷின் இருந்தா கடைசி மீன் வரைக்கும் நிறையத்தான் கெடைக்கும். இது எங்க மன்னார் வளைகுடாவுல வத்தைங்கற சின்னப் படகுல போற கெழவனுக்குக்கூட தெரிஞ்ச சங்கதி, கேக்கத்தான் ஆளில்ல.

1992 ஜூலை 2, செயின்ட் ஜான்ஸ் நகரத்துல ஒரு ஓட்டல்ல மீன்வளத்துறை மந்திரி ஜான் கிராஸ்பி அறிவிக்கிறாரு, வடக்கு காட் புடிக்கத் தடை, ரெண்டு வருஷத்துக்கு. வெளிய நின்ன மீனவங்க கதவை ஒடைக்கப் பாத்தாங்க. நிவாரணம் வாரத்துக்கு 225 டாலர்னு முதல்ல சொன்னாரு, அந்த ஆத்திரத்தப் பாத்து அப்புறம் 406 வரைக்கும் ஏத்துனாங்க. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாள்ல வேலை போச்சு, கனடா சரித்திரத்துலயே அவ்வளவு பெரிய வேலையிழப்பு அதுக்கு முன்ன இல்ல. போட்டுல போற ஆம்பள மட்டும் இல்ல, மீன் வெட்டுற பிளான்ட்ல நின்ன பொம்பளைகளும் அதுல சேத்தி. எங்க ஊர்ல இறால் கம்பெனியில தலை கிள்ளுற அக்காமாரு, பாசி எடுக்கப் போற சின்னம்மாமாரு எல்லாரையும் ஒரே நாள்ல வீட்டுல உக்கார வச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ரெண்டு வருஷம்ங்கற வார்த்தை

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப வலிச்ச எடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம்னு சொன்னதுனால ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. வலையை விக்கல, போட்டை விக்கல, ஊரை விட்டுப் போகல. 1994ல மீன் வரலன்னு தெரிஞ்சதும் அரசாங்கம் இன்னொரு பெரிய திட்டம் போட்டுச்சு, 190 கோடி டாலர், அஞ்சு வருஷத்துக்கு. நிவாரணமும் குடுப்போம், வேற தொழிலும் சொல்லிக் குடுப்போம், வேற ஊரு போறவங்களுக்கு உதவியும் செய்வோம்னு ஏற்பாடு. ஆனா எதிர்பாத்ததை விட அதிகம் பேரு தகுதியாயிட்டாங்க, காசு பூராவும் வாராந்திர நிவாரணத்துக்கே ஓடிப்போச்சு, தொழில் பயிற்சிக்கு வச்சதை அதுக்குத் திருப்பிட்டாங்க, அஞ்சு வருஷத் திட்டம் 1998லயே முடிஞ்சு போச்சு.

நிவாரணம் தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்களுக்குத் தடைக்காலத்துக்கு குடும்பத்துக்கு 8000 ரூபா வருது, அது வரலன்னா பல வீட்டுல அடுப்பு எரியாது. ஆனா நிவாரணம் வாங்குற காலம்தான் ஒரு மனுசன் அடுத்த தொழிலைக் கையில புடிக்கிறதுக்கு இருக்குற ஒரே காலம், அந்தக் காலத்துல "பொறு, மீன் வந்துரும்"னு சொன்னது அந்த ஜனங்களுக்குச் செஞ்ச பெரிய அநியாயம். இருபத்தஞ்சு வயசுல வெல்டிங் படிச்சிருக்க வேண்டியவன் முப்பத்தொண்ணு வயசுல எதுவும் இல்லாம நின்னான்.

போனவங்க போனாங்க. 1991 கணக்கெடுப்புல அந்த மாகாணத்துல 5,68,474 பேர், 2001ல 5,12,930. பத்து வருஷத்துல பத்துல ஒருத்தர் கொறஞ்சிருக்கு, போனது பெரும்பாலும் இளவட்டம். ஸ்கூல் மூடுனாங்க, ஃபுட்பால் மாதிரி அங்க ஐஸ் ஹாக்கி, அதுக்கு டீம் சேக்க பயலுக இல்ல. போனவங்க ஒண்டாரியோ மாகாணத்து ஃபேக்டரிக்கு, ஆல்பர்ட்டாவுல மாட்டுக்கறி பிளான்ட்டுக்கு, அப்புறம் எண்ணெய் மணல் எடுக்குற ஃபோர்ட் மெக்முர்ரேக்கு.

ஃபோர்ட் மெக்முர்ரே

செயின்ட் ஜான்ஸ்லேர்ந்து ஃபோர்ட் மெக்முர்ரே நேர்கோட்டுல சுமார் 4000 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துலேர்ந்து டெல்லி போனாக்கூட பாதி தூரம்தான் இருக்கும். ஒரே நாடு, பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம், ஆனா கடிகாரம் மூணரை மணி நேரம் வித்தியாசம். நியூஃபவுண்ட்லாந்து நேரம் நம்ம நேரம் மாதிரியே அரை மணில முடியும்.

2000க்குப் பிறகு எண்ணெய் வெலை ஏற ஏற அங்க ஆள் பத்தல. நியூஃபவுண்ட்லாந்து ஆளுக அவ்வளவு பேரு போய்ச் சேந்ததுனால அந்த ஊரை நியூஃபவுண்ட்லாந்தோட ரெண்டாவது பெரிய நகரம்னே சொல்லிக்கிட்டாங்க. இதுல ரெண்டு வகையா போனாங்க, அந்த ரெண்டு வகைக்கும் நடுவுலதான் இந்தக் கேஸோட உசுரு இருக்கு.

ஒரு வகை குடும்பத்தோட போய்க் குடியேறுனவங்க. ஊரைச் சுத்திக் காடு, அத்தனையும் அரசாங்க நெலம், வீடு கட்ட நெலத்தை மெதுவாத்தான் விட்டாங்க, ஆளோ வந்து குமியுது, அப்ப வாடகை என்ன ஆகும்? தனி வீடு ஏழு லட்சம் டாலர் பக்கம் போச்சு. கையெழுத்துப் போட்டு கடன் வாங்கி வாங்குனாங்க, சம்பளம் அப்படி வந்துச்சு, கட்டிரலாம்னு நெனச்சாங்க.

இன்னொரு வகை வீட்டை நியூஃபவுண்ட்லாந்துலயே வச்சுக்கிட்டு, வேலைக்கு மட்டும் பறந்து வந்து போனவங்க. இதுக்கு அங்க சுழற்சி வேலைன்னு பேரு. 14 நாள் வேலை 14 நாள் லீவு, இல்ல 20 நாள் வேலை 8 நாள் லீவு, இப்படிப் பல ஷிப்ட். தங்குறது கேம்ப்ல. எங்க ஊர்லேர்ந்து வளைகுடா நாட்டு ஜுபைல், ருவைஸ் ரிஃபைனரிக்கு ஷட்டவுன் வேலைக்குப் போன ஆளுகளுக்கு இத விளக்கவே வேணாம், பஸ்ல ஏத்தி பிளான்ட்டுக்கு, பன்னெண்டு மணி நேரம், பஸ்ல ஏத்தி கேம்ப்புக்கு. வித்தியாசம் என்னன்னா சவுதியில 48 டிகிரி வெயிலு, இங்க மைனஸ் 40.

என் சித்தப்பா மகன் கதையை இங்க சொல்லணும். ராம்நாட்ல ஐடிஐ முடிச்சான், சவுதியில ஆறு வருஷம் வெல்டர், 2011ல கனடாவுக்கு பிஆர்ல, அதாவது நிரந்தரமா குடியிருக்குற உரிமையோட, போனான். முதல்ல டொராண்டோ பக்கம் பிராம்ப்டன், அங்க ஒரு டிரெய்லர் பட்டறையில கொறஞ்ச சம்பளம். அங்க ஒருத்தர் சொல்லித்தான் ரெட் சீல்னு ஒரு பரீட்சை இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டான். கனடாவுல ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியா தொழில் சர்டிபிகேட் குடுக்கும், ஒரு மாகாணத்து சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு இன்னொரு மாகாணத்துல போய் நின்னா "இங்க செல்லாது"ன்னு சொல்லக்கூடிய நெலமை இருந்துச்சு, அதுக்காகவே 1950கள்ல இந்த ரெட் சீல் முறையைக் கொண்டாந்தாங்க. அதுல பாஸான வெல்டர், எலக்ட்ரீஷியன், பைப் ஃபிட்டர் எந்த மாகாணத்துலயும் நிக்கலாம். இவன் சவுதி அனுபவ லெட்டரெல்லாம் வாங்கி, பரீட்சை எழுதி, ரெண்டாவது தடவைதான் பாஸ் ஆனான். அந்த சீல் விழுந்த பிறகு ஆல்பர்ட்டாவுல இருக்குற எட்மண்டன் நகரத்துல குடியேறி, 2012லேர்ந்து ஃபோர்ட் மெக்முர்ரே கேம்ப்.

கேம்ப்ல இவன் ரூமுக்கு எதிர் ரூமு ஒரு நியூஃபவுண்ட்லாந்து பெருசு. அப்பவே அறுபது நெருங்குன ஆளு. 1992ல சொந்த போட் வச்சிருந்தவரு. தம்பி சொன்னதை அவன் வார்த்தையிலயே போடுறேன்: "அண்ணே, அவரு நிவாரணம் வாங்குன ரெண்டாவது வருஷமே யாரு சொல்லியும் கேக்காம இன்சுலேஷன் வேலை படிச்சிருக்காரு. ஊர்ல எல்லாரும் மீன் வரப்போகுது நீ ஏன் அலையுறன்னு கேட்டாங்களாம். அவரு வீடு அவரு அப்பா கட்டுனது, கடன் இல்ல, வெறகு சொந்தக் காட்டுல வெட்டிக்குவாங்க, பொண்டாட்டி பிள்ளைக அங்கயே. மாசத்துல பாதி அங்க பாதி இங்க. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, இங்க ஒரு ஆணி கூட சொந்தமா அடிக்காதன்னு."

பெருசோட கஷ்டத்தையும் தம்பி சொன்னான். லீவு எட்டு நாள்னா அதுல போக ஒரு நாள் வர ஒரு நாள், டொராண்டோவுலயோ கால்கரியிலயோ உக்காந்து கெடக்கணும், பனிப்புயல் வந்துச்சுன்னா இன்னொரு நாள் போச்சு. கம்பெனி பல நேரம் எட்மண்டன் வரைக்கும்தான் டிக்கெட் போடும், அதுக்கு அங்கிட்டு சொந்தக் காசு. மக கல்யாணத்துக்குப் போனாரு, மகன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப போக முடியல. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து போன் போட்டா அங்க பகல் பாதி முடிஞ்சிருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடாவுக்கு ஆளனுப்புன வீடுகள்ல பொம்பளைக தனியா நின்னு பிள்ளைகளை வளக்குறது, மாமியாரைப் பாக்குறது, பேங்க்குக்கு அலையுறது, கரண்டு பில்லு கட்டுறது எல்லாம் எப்படியோ அதேதான் அங்கயும். கனடான்னதும் பணக்கார நாடு, குடும்பம் பிரியாதுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நியூஃபவுண்ட்லாந்துல இருக்குற மெமோரியல் யுனிவர்சிட்டியில இப்படி வேலைக்காக தூரம் போய்வர்ற ஜனங்களைப் பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்கன்னா எவ்வளவு குடும்பம் இப்படி இருந்திருக்கணும்.

வெலை விழுந்தப்ப

2014 நடுவுல ஒரு பீப்பா எண்ணெய் 100 டாலருக்கு மேல. 2016 ஆரம்பத்துல 30க்குக் கீழ. ஒண்ணரை வருஷத்துல. கேம்ப் கேம்ப்பா ஆளைக் கொறச்சாங்க. தம்பிக்கு 2015 செப்டம்பர்ல வேலை போச்சு, பெருசுக்கு அதுக்கு முன்னாடியே.

இப்பத்தான் அந்த ரெண்டு வகையும் தனித்தனியா தெரிஞ்சுச்சு. பெருசு பொட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. வேலையில்லாக் காப்பீடு மத்திய அரசாங்கத்தோடது, அதனால ஆல்பர்ட்டாவுல சம்பாரிச்ச கணக்கை நியூஃபவுண்ட்லாந்துல உக்காந்து வாங்க முடிஞ்சுது, வீட்டுக்குக் கடன் இல்ல, தாக்குப் புடிச்சாரு. ஃபோர்ட் மெக்முர்ரேல ஏழு லட்சத்துக்கு வீடு வாங்குன ஆளால நகர முடியல, வீட்டை விக்கப் போனா வெலை விழுந்து கடனை விடக் கம்மியா கேக்குறாங்க, விட்டுட்டு வேற ஊருக்கு வேலைக்குப் போனா ரெண்டு எடத்துக்கு காசு கட்டணும். தம்பி கூட வேலை பாத்த ஒரு குடும்பம், அவங்களும் நியூஃபவுண்ட்லாந்துதான், வீட்டுச் சாவியை பேங்க்ல குடுத்துட்டுப் போனாங்க. போதாததுக்கு 2016 மே மாசம் காட்டுத்தீ. சுமார் 88,000 பேர் ஊரைக் காலி பண்ணிட்டு ஓட, தெக்க எட்மண்டனுக்குப் போக ஒரே ஹைவே, 2400 கட்டடம் பக்கம் எரிஞ்சு போச்சு. 1992ல கடலை இழந்தவங்கள்ல சிலருக்கு 2016ல வீடும் போச்சு.

தம்பி எட்மண்டன்லயே இருந்தான், வாடகை வீடு. வெளிய போயிருக்கலாம்ல, வேற மாகாணத்துல வேலை இருந்துச்சேன்னு கேட்டேன். "எப்படிண்ணே போறது, அவளுக்கு இங்க முதியோர் இல்லத்துல பெர்மனென்ட் ஆயிருச்சு, புள்ளைக்கு ஸ்கூலு, நான் ஒருத்தன் சம்பளத்துக்காக அவ சம்பளத்தை விடணுமா"ன்னான். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் பேர்றது ரொம்பக் கஷ்டம், ஒருத்தருக்கு நல்ல வேலை கெடச்சா இன்னொருத்தர் வேலையை விடணும், பெரும்பாலும் விடுறது பொம்பள. கடைசில அவன் பெருசு வழிக்கே வந்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவுல கிட்டிமாட்ங்கற ஊர்ல எரிவாயு பிளான்ட் கட்டுனாங்க, 2018ல முடிவாகி ஆரம்பிச்சது, அங்க ரெண்டு வாரம் வேலை ஒரு வாரம் வீடுன்னு போய் வந்தான், குடும்பம் எட்மண்டன்லயே. அதுலயும் பிரஷர் வெல்டிங்குக்கு அந்த மாகாணத்து டெஸ்ட்டை மறுபடி எழுத வேண்டியிருந்துச்சு, ரெட் சீல் இருந்தாலும் அந்த ஒண்ணு மட்டும் தாண்டாது.

2020 கொரோனாவுல இன்னொரு அடி. மே மாசம் நியூஃபவுண்ட்லாந்து அரசாங்கம் வெளி மாகாணத்து ஆளுக உள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. சொந்த ஊர்க்காரன் வரலாம், ஆனா 14 நாள் தனிமை. 14 நாள் லீவுல வர்றவனுக்கு 14 நாள் தனிமைன்னா அவன் பிள்ளைகளை எப்பப் பாப்பான்? வீட்டுக்குப் பின்னாடி டிரெய்லர் போட்டு அதுல தங்கி ஜன்னல் வழியா பாத்துட்டுத் திரும்பிப் போன ஆளுகளைத் தம்பிக்குத் தெரியும்.

கனடாவுல மட்டும் இப்படியான்னா இல்ல

பணக்கார நாடுகள்ல ஜனங்க வேலைக்காக எப்ப வேணா எங்க வேணா போவாங்கன்னு நம்ம ஒரு நெனப்புல இருக்கோம். அமெரிக்காவுல 1940கள் கடைசியில வருஷத்துக்கு அஞ்சுல ஒருத்தர் வீடு மாறுனாங்க, இப்ப பத்துல ஒருத்தர் கூட இல்ல. வேலை இருக்குற நகரத்துல வாடகை சம்பளத்தைத் தின்னுருது, தொழில் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேற, வீட்டுல ரெண்டு பேரு சம்பாரிக்கிறாங்க, தம்பி சொன்ன அதே காரணங்கதான். ஜப்பான்ல 1954லேர்ந்து 1975 வரைக்கும் ஸ்கூல் முடிச்ச பதினஞ்சு வயசுப் பிள்ளைகளை வடக்க அவோமோரிலேர்ந்து டோக்கியோ உவேனோ ஸ்டேஷனுக்குத் தனி ரயில்ல கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. ஜெர்மனி ஒண்ணான பிறகு கிழக்குப் பகுதி, வந்தவங்களைக் கழிச்சாக்கூட, பத்து லட்சத்துக்கு மேல ஆளுகளை மேற்குக்கு இழந்துச்சு. எல்லா எடத்துலயும் விட்டுட்டுப் போன ஊரு கெழடு தட்டிப்போச்சு.

எங்க பயலுக பண்றதும் இதோட சின்ன வடிவம்தான். கிழக்குக் கரைத் தடை ஏப்ரல் 15ல ஆரம்பிக்குது, கேரளாவுல ஜூன் 9 பக்கம்தான் ஆரம்பிக்கும், அந்த அம்பது அம்பத்தஞ்சு நாள்ல கொச்சி, முனம்பம், பேப்பூர் பக்கம் தங்கல் போட்டுக்கு, அதாவது கடல்லயே பல நாள் தங்கிப் புடிக்கிற போட்டுக்கு, போயிட்டு வர்றாங்க. வீடு இங்க, வேலை அங்க. முன்பணம் வாங்காம போனவன் கையில காசோட வர்றான், முன்பணம் வாங்கிட்டுப் போனவன் அடுத்த வருஷமும் அதே போட்டுக்கே போகணும், வேற போட்ல ரெண்டு மடங்கு பங்கு கெடச்சாலும் மாற முடியாது. என் பட்டறைக்கு வர்ற பயலுக வாயால கேட்டதுதான் இது. ஃபோர்ட் மெக்முர்ரேல வீட்டுக் கடன் வாங்குனவன் மாட்டுன மாதிரியேதான் இவனும் மாட்டுறான்.

இத்தனையும் படிச்ச பிறகு எனக்குப் பட்டது, போற எடத்துச் சம்பளம் ஒருத்தனைக் காப்பாத்தல. அடுத்த ஊருக்கு மாறிப் போகக் கை கால் கட்டில்லாம இருந்தவன் பொழச்சான். பெருசுக்குக் கடனில்லாத வீடும் எங்கயும் செல்லுற தொழிலும் இருந்துச்சு, தம்பிக்கு ரெட் சீலும் பொண்டாட்டி சம்பளமும் இருந்துச்சு.

நண்டு கம்பெனி

2024 ஜூன்ல வடக்கு காட் தடையை எடுத்துட்டாங்க, அந்த வருஷத்துக்கு 18,000 டன் மட்டும் புடிக்கலாம்னு சொன்னாங்க. பழைய 8 லட்சம் டன்னோட வச்சுப் பாருங்க. நடுவுல காட் போன கடல்ல நண்டும் இறாலும் பெருகி, காட் மீனை விட அதிகம் காசு அதுல வந்துச்சு, ஆனா அதுக்கு ஆள் கொஞ்சம் போதும். அந்த நண்டை ஒடச்சு பேக் பண்ணுற பிளான்ட்டுக்கு இப்ப உள்ளூர்ல ஆள் கெடைக்கல. இளவட்டமெல்லாம் முப்பது வருஷமா மேற்க போயிருச்சுல்ல. அதனால வெளிநாட்டுலேர்ந்து தற்காலிக ஆளுகளைக் கொண்டாந்து நிப்பாட்டுறாங்க. என் அக்கா மகனுக்கு வந்த மெசேஜ் அந்த வேலைதான், அல்லது அந்த வேலை பேரைச் சொல்லி ஒருத்தர் காசு புடுங்கப் பாக்குறாரு.

தம்பிகிட்ட விசாரிச்சு, அக்காவையும் அவனையும் பட்டறையில உக்கார வச்சு சொன்னேன். அந்த வேலைக்குக் குடுக்குற பெர்மிட் பெரும்பாலும் க்ளோஸ்டு பெர்மிட், எந்த முதலாளி பேரு போட்டிருக்கோ அவருகிட்ட மட்டும்தான் வேலை. பக்கத்து ஊர் பிளான்ட்ல கூடக் குடுக்குறாங்கன்னு மாற முடியாது, மாறணும்னா புது பெர்மிட் வாங்கணும். நான் இவ்வளவு நேரம் எழுதுன நியூஃபவுண்ட்லாந்து ஆளுகளுக்கு வேலை போனப்ப விமானம் ஏறி 4000 கிலோமீட்டர் போகுற உரிமை இருந்துச்சு, இவனுக்கு அடுத்த தெருவுக்குப் போகுற உரிமை இருக்காது. சீசன் ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூலை பக்கம் முடிஞ்சிரும், ஆறு லட்சத்தை அந்த சில மாசத்துல எப்படி எடுக்குறது? அதோட, அந்தத் திட்டத்துல ஆள் சேக்குற செலவை முதலாளிதான் ஏத்துக்கணும், வேலைக்கு வர்றவன்கிட்ட வாங்கக்கூடாதுன்னு அங்க விதி இருக்கு. அப்ப ஏஜென்ட்டு கேக்குற ஆறு லட்சம் எதுக்கு?

"அப்ப கொச்சிக்கே போறேன் மாமா"ன்னான். முன்பணம் வாங்காம போடான்னேன். அக்கா குறுக்க வந்து, "அவன் வெல்டிங் படிக்கட்டும்டா, நீதான ராம்நாட்ல எடம் கேக்கப் போறேன்னு சொன்ன"ன்னு என்னைப் புடிச்சுக்கிட்டாக. ஐடிஐல எடம் கேட்டிருக்கேன். ஏஜென்ட்டுகிட்ட பெர்மிட் காப்பியும் முதலாளி கம்பெனியோட வேலை ஒப்பந்தமும் அனுப்பச் சொல்லி மூணு வாரம் ஆச்சு, இன்னும் வரல, காசும் கட்டல.